யாருக்குப் போட்டீர்கள் என்று உங்களாலேயே நிரூபிக்க முடியக் கூடாது

பீகாரில் 2025 ஜூனில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் கைபேசிச் செயலி வழியாக ஓட்டுப் போட வழி செய்தார்கள். அதிலிருந்து மின்னணு வாக்குப்பதிவு பற்றிய கேள்விகள் இந்தப் பகுதிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. இந்த இதழில் முழுப் பகுதியையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டேன். பேச்சு ரகசிய வாக்கைப் பற்றியது என்பதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

கேள்வி: லட்சக்கணக்கில் பணத்தைக் கைபேசியிலேயே அனுப்புகிறோம், வாங்குகிறோம். அதே பாதுகாப்பை வைத்து ஓட்டையும் வீட்டிலிருந்தே போட விட்டால் என்ன?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் வங்கியிலேயே இருப்பதால் உங்களுக்குச் சொல்வது சுலபம். ஒருவர் வந்து "என் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் தப்பாகப் போய்விட்டது" என்றால் என்ன செய்வீர்கள்? கணக்கு எண்ணைக் கேட்பீர்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருக்குப் போனது என்று திரையில் பார்ப்பீர்கள், தப்பு என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். வங்கியின் பாதுகாப்பு முழுக்க யார் என்ன செய்தார் என்ற பதிவின் மேல் நிற்கிறது. ஓட்டில் அந்தப் பதிவே இருக்கக் கூடாது. போட்ட கையோடு ஆளையும் ஓட்டையும் பிரித்துவிட வேண்டும், அதற்கப்புறம் தேர்தல் ஆணையரே நினைத்தாலும் சேர்த்துப் பார்க்க முடியக் கூடாது. அப்படிப் பிரித்த பிறகு "நான் போட்டது ஒன்று, பதிவானது இன்னொன்று" என்று ஒருவர் வந்து நின்றால் எடுத்துக் காட்ட யாரிடமும் எதுவும் இருக்காது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு, இந்தத் துறையில் வேலை செய்பவர்களைப் பல வருடங்களாக அலைக்கழிப்பது அதுதான். யாருக்குப் போட்டோம் என்று வாக்காளரே பிறரிடம் நிரூபிக்க முடியக் கூடாது. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள், எல்லாமே பணப் பட்டுவாடா புகாரால். இவ்வளவு பணம் இறைத்தும் கொடுத்தவருக்குக் கடைசிவரை தெரியாத ஒன்று உண்டு: வாங்கியவர் உள்ளே போய் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது. அதைப் பார்க்க ஒரு வழி கிடைத்தால், ஒரு ரசீதோ ஒரு ஸ்கிரீன்ஷாட்டோ போதும், ஓட்டு உண்மையிலேயே விலைச்சரக்காகிவிடும்.

அதாவது, என் ஓட்டு சரியாக எண்ணப்பட்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், ஆனால் அந்த உறுதியை நான் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட முடியக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. காசோலைக்கும் யுபிஐக்கும் இந்தச் சண்டை கிடையாது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓட்டு யாருக்கு என்பதை மாமனார்தான் சொல்வார். இதுவரை பூத்துக்குள் போனால் நான் என் இஷ்டப்படி போட்டுவிட்டு வருகிறேன். ஓட்டு கைபேசிக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கெல்லாம் கண்டுபிடிப்பு இருக்கிறதா?
– விருதுநகர் மாவட்டம்

பதில்: இந்த வாரம் வந்ததில் முக்கியமான கடிதம் உங்களுடையது. மின்னணு வாக்குப்பதிவு பற்றிப் பேசும் பலர் எங்கோ உட்கார்ந்து கணினிக்குள் நுழையும் ஹேக்கரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உங்கள் விஷயத்தில் ஆபத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

கண்டுபிடிப்பு இருக்கிறதா என்றால், முயற்சிகள் இருக்கின்றன. எஸ்டோனியாவில் ஒருவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் இணையத்தில் ஓட்டுப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. பூத்துக்கு நேரில் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு எல்லாமே ரத்து. மிரட்டுகிறவர் முன்னால் ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பது யோசனை. 2005இல் ஜூல்ஸ், கட்டலானோ, யாகப்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: வாக்காளரிடம் உண்மையான ரகசிய எண் ஒன்று இருக்கும், போலி எண்ணை அவரே உண்டாக்கிக்கொள்ளவும் முடியும். மிரட்டினால் போலியைப் போடுங்கள். திரையில் எல்லாம் உண்மை போலவே நடக்கும், எண்ணும்போது மட்டும் அந்த ஓட்டு சத்தமில்லாமல் கழிக்கப்பட்டுவிடும்.

காகிதத்தில் இது அருமையான யோசனை. உங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து பார்த்தால்? இரண்டாவது தடவை போட, யாரும் பார்க்காத பத்து நிமிடமும் உங்கள் கையில் உங்கள் கைபேசியும் வேண்டும். கைபேசியையும் அதற்கு வரும் ஓடிபியையும் வீட்டில் இன்னொருவர் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். வாக்குப்பதிவின் கடைசி மணி நேரத்தில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துப் போடச் சொன்னால் எந்தக் கணிதமும் குறுக்கே வந்து நிற்காது. நார்வே 2011, 2013 தேர்தல்களில் இணைய வாக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு 2014இல் நிறுத்திவிட்டது. ஓட்டின் ரகசியம் போய்விடுமோ என்ற மக்களின் அச்சமும் அதற்கு ஒரு காரணம்.

அதனால் என் பதில் நேரடியானது: சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி எதுவானாலும், எல்லாருக்கும் பொதுவான முறையாக வீட்டிலிருந்து ஓட்டு வரக் கூடாது. அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உங்களுக்குக் கிடைக்கும் அரை நிமிடத் தனிமையை அரசு கட்டாயமாக உண்டாக்கித் தருகிறது, "நானும் உள்ளே வருகிறேன்" என்று மாமனார் சொன்னாலும் அதிகாரி விட மாட்டார். அதைச் செய்யும் செயலியை இதுவரை யாரும் எழுதவில்லை.

கேள்வி: எஸ்டோனியா மட்டும் எப்படிச் செய்கிறது? அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முதலில் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அங்கே குடிமக்கள் எல்லாரிடமும் சிப் பதித்த அடையாள அட்டை உண்டு, அதற்கு இரண்டு ரகசிய எண்கள். உங்கள் கணினி உங்கள் ஓட்டைத் தேர்தல் சாவியால் பூட்டுகிறது, அதாவது யாரும் படிக்க முடியாத எண்ணாக மாற்றுகிறது. பூட்டிய ஓட்டின் மேல் உங்கள் அட்டையால் மின்கையெழுத்துப் போடுகிறீர்கள். தபால் ஓட்டில் உறைக்குள் உறை வைப்போமே, அதே அமைப்புதான். வெளியுறையில் உங்கள் பெயர், உள்ளுறையில் ஓட்டு. எண்ணும் நேரம் வந்ததும் வெளியுறையைக் கழற்றிப் போட்டு, உள்ளுறைகளைக் கலக்கி, அப்புறம் திறக்கிறார்கள். 2013இலிருந்து, போட்ட கொஞ்ச நேரத்துக்குள் இன்னொரு கைபேசியால் க்யூஆர் குறியைப் படித்து ஓட்டு சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கலாம். அப்படிப் பார்க்க முடிந்தால் பக்கத்திலிருப்பவரும் பார்ப்பாரே என்று கேட்பீர்கள். ஆமாம், பார்க்கலாம். அதை ஈடுகட்டத்தான் மாற்றிப் போடும் வசதி.

2005 உள்ளாட்சித் தேர்தலில் இணையத்தில் போட்டவர்கள் சுமார் 9,000 பேர், மொத்தத்தில் 2 சதவீதம்கூட இல்லை. 2023 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் முதல் தடவையாகப் பாதிக்கு மேல் ஓட்டுகள் இணையத்தில் வந்தன. நடுவில் இருக்கும் 18 வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள், படிப்படியாக வளர்ந்த பழக்கம் அது.

குறையே இல்லையா? 2013 தேர்தலை நேரில் பார்த்த ஆராய்ச்சியாளர் குழு ஒன்று, அமெரிக்கக் கணினி விஞ்ஞானி அலெக்ஸ் ஹால்டர்மேனும் அதில் ஒருவர், அலுவலகத்தின் அன்றாட நடைமுறையிலேயே ஓட்டைகள் இருப்பதை 2014இல் எடுத்துக் காட்டியது. அதிகாரிகள் வெளியிட்ட வீடியோவிலேயே கடவுச்சொல் தட்டுவது தெரிந்தது. 2017இல் அடையாள அட்டைச் சிப்பில் கோளாறு இருப்பது தெரியவந்து, நவம்பரில் சுமார் 7.6 லட்சம் அட்டைகளின் மின்சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள். கோளாறு ஆகஸ்ட் கடைசியிலேயே அரசுக்குத் தெரியும், நடுவில் அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலும் நடந்து முடிந்துவிட்டது.

அங்கே மக்கள்தொகை சுமார் 13 லட்சம், அதாவது நம்முடைய ஒரு பெரிய மாநகராட்சி அளவு. இங்கே 2024இல் வாக்காளர்கள் மட்டும் 96 கோடிக்கு மேல். எண்ணிக்கையை விடவும் எனக்குப் பெரிதாகத் தெரிவது நம்பிக்கை: தங்கள் அட்டை தங்கள் கையில் இருக்கும், மென்பொருளின் மூல நிரலைப் பொதுவில் வைப்பார்கள், குறை சொன்னவரை எதிரியாகப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. இங்கே 2010இல் நம் வாக்கு இயந்திரத்தைச் சோதித்துக் காட்டிய குழுவில் இருந்த ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத் கைதானார். இயந்திரம் எங்கிருந்து கிடைத்தது என்பது வழக்கு. சட்டப்படி அந்தக் கேள்வி சரியாகவே இருக்கட்டும், அந்தக் கைதைப் பார்த்த பிறகு எத்தனை இளைஞர்கள் குறை கண்டுபிடித்துச் சொல்ல முன்வருவார்கள்?

கேள்வி: பிளாக்செயினில் போட்டால் யாரும் மாற்ற முடியாதே! அதோடு பிரச்சினை தீர்ந்ததா இல்லையா?
– மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

பதில்: தீரவில்லை. ஒரே பதிவேட்டைப் பல கணினிகளில் வைத்து, எழுதியதை அப்புறம் மாற்றாமல் பார்த்துக்கொள்வது பிளாக்செயின் செய்யும் வேலை. எழுதும்போதே உங்கள் கைபேசியில் இருக்கும் வைரஸ் வேறு பெயரை எழுதிவிட்டால், தப்பான ஓட்டு மாற்றவே முடியாதபடி பத்திரமாக உட்கார்ந்திருக்கும். யார் வாக்காளர் என்று யார் முடிவு செய்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து மிரட்டுவதை யார் தடுப்பார்கள், இதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது.

ரகசியமும் தானாக வராது. 2019இல் மாஸ்கோ நகரசபைத் தேர்தலுக்கு பிளாக்செயின் வைத்து ஓர் அமைப்பைத் தயார் செய்தார்கள். பியரிக் கோத்ரி என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வெளியிடப்பட்ட நிரலைப் பார்த்துவிட்டு, பூட்டப் பயன்படுத்திய சாவி ரொம்பச் சின்னது, சாதாரணக் கணினியில் 20 நிமிடத்தில் உடைக்கலாம் என்று காட்டினார். தேர்தலுக்கு முன்பே கண்டுபிடித்ததால் திருத்தினார்கள். ஒருவேளை யாரும் பார்க்காமல் விட்டு, பத்து வருடம் கழித்து உடைத்தால்? பிளாக்செயினில் ஏறியது அழியாது. அன்றைக்கு யார் யாருக்குப் போட்டார்கள் என்பதை அன்றைய ஆளுங்கட்சி உட்கார்ந்து படிக்கலாம். எதையும் அழிக்காமல் வைத்திருப்பது இங்கே குணம் இல்லை, ஆபத்து.

கேள்வி: பூட்டிய ஓட்டைத் திறக்காமலேயே எண்ணலாம் என்று படித்தேன். எப்படி என்று கொஞ்சம் விளக்க முடியுமா? சூத்திரம் இருந்தாலும் பரவாயில்லை.
– கணித ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஒன்பதாம் வகுப்பு அடுக்குக்குறி விதியே போதும் சார். 2³ × 2⁴ = 2⁷. எண்களைப் பெருக்கினால் மேலே இருக்கும் அடுக்குகள் கூடுகின்றன. ஓட்டை, வேண்டும் என்றால் 1, வேண்டாம் என்றால் 0 என்று, அடுக்கில் வைத்துவிடுங்கள். அதன்மேல் ஒவ்வொரு தடவையும் வேறுவேறு குருட்டாம்போக்கு எண்ணைப் போட்டு மறைத்துவிடுங்கள், அப்போதுதான் இரண்டு பேர் 1 போட்டாலும் பார்க்க இரண்டும் வேறாக இருக்கும். எல்லாரும் போட்டு முடித்ததும் பூட்டிய எண்களை எல்லாம் பெருக்குங்கள். மொத்த ஓட்டு அடுக்கில் வந்து நிற்கும். அந்த ஒரே ஒரு விடையை மட்டும் சாவியால் திறந்தால் போதும், தனித்தனி ஓட்டு எதையும் யாரும் திறக்க வேண்டாம். பூட்டிய எண்களை எல்லாரும் பார்க்க வெளியில் வைத்துவிடலாம் என்பதால் பெருக்கல் சரியா என்று உங்கள் மாணவர்களே கணினியில் சரிபார்க்கலாம். ஒருவர் 1 போடுவதற்குப் பதில் 100 போட்டுவிட்டால்? உள்ளே இருப்பது 0 அல்லது 1தான் என்று, எது என்று சொல்லாமலேயே காட்டும் நிரூபணத்தையும் ஓட்டோடு சேர்த்துத் தர வேண்டும். அப்படி ஒரு நிரூபணம் சாத்தியம் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பிரமிப்பு இன்னும் போகவில்லை.

இன்னொரு வழி கலக்குவது. 1981இல் டேவிட் சாம் என்ற கணினி விஞ்ஞானி இதை எழுதினார், அவர் அப்போது யோசித்தது மின்னஞ்சலுக்காக. ஒரு குழு எல்லாப் பூட்டிய ஓட்டுகளையும் வாங்கி, வரிசையை மாற்றி, மேல்பூட்டையும் மாற்றி அடுத்த குழுவிடம் தரும், அது அடுத்ததற்கு. ஒரே ஒரு குழு நேர்மையாக இருந்தாலும் கடைசியில் எது யாருடையது என்று தெரியாது. இங்கேயும், கலக்கியபோது எந்த ஓட்டையும் மாற்றவில்லை என்று நிரூபணம் தர வேண்டும். ஸ்விட்சர்லாந்து அஞ்சல் துறையின் இணைய வாக்கு அமைப்பில் இந்த நிரூபணம்தான் சறுக்கியது. 2019 தொடக்கத்தில் நிரலை வெளியிட்டதும் சாரா ஜேமி லூயிஸ், ஒலிவியே பெரேரா, வனெசா டீக் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் படித்துப் பார்த்து, உள்ளே இருப்பவர் ஓட்டுகளை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்று காட்டும் பொய் நிரூபணத்தையும் உண்டாக்க முடியும் என்று சொன்னார்கள். ஸ்விட்சர்லாந்து அதை நிறுத்திவிட்டு, திருத்தி, 2023 ஜூனில்தான் மூன்று மாநிலங்களில் மறுபடி சோதனையாகத் தொடங்கியது. நாலு வருடம் பொறுத்த அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்பீர்கள். கோயில் உண்டியலுக்கு அதிகாரியிடம் ஒரு சாவி, அறங்காவலரிடம் ஒரு சாவி என்று வைப்பதுபோல இதையும் பல பேரிடம் பிரித்துக் கொடுப்பார்கள். அதிலும் கணக்குப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஐ.ஏ.சி.ஆர். என்று உலக அளவில் மறையாக்க (தகவலை இப்படிப் பூட்டி மறைக்கும் வித்தை) ஆராய்ச்சியாளர்களின் சங்கம் ஒன்று உண்டு, இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர்களே அதில் உறுப்பினர்கள். 2025 நவம்பரில் அவர்கள் தேர்தல் முடிவை அவர்களாலேயே திறக்க முடியவில்லை. மூன்று பொறுப்பாளர்களும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைத்திருந்தார்கள், ஒருவர் தன் சாவியைத் தொலைத்துவிட்டார். தேர்தலை மறுபடி நடத்த வேண்டியதாயிற்று, மூன்றில் இரண்டு சாவி இருந்தால் போதும் என்றும் மாற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: "உங்க தெருவுல எங்களுக்கு எத்தனை விழுந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்" என்று தேர்தல் முடிந்ததும் வந்து சொல்கிறார்கள். அப்புறம் குழாய் ரிப்பேருக்குக்கூட ஆள் வருவதில்லை. ஓட்டு ரகசியம் என்றால் இது எப்படித் தெரிகிறது?
– விழுப்புரம் மாவட்டம்

பதில்: ஓட்டு இயந்திரத்தை யாரும் உடைக்கவில்லை, சட்டப்படியே தெரிகிறது. ஒவ்வொரு பூத்தின் இயந்திரத்தையும் தனித்தனியாக எண்ணி, எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று பூத் வாரியாக வெளியிடுகிறார்கள். ஒரு பூத்தில் ஆயிரம் சொச்சம் பேர், சில இடங்களில் சில நூறு பேர்தான். எந்தத் தெரு எந்த பூத் என்பது பட்டியலிலேயே இருக்கிறது. நம் ஊர்களில் தெரு என்றால் சாதியும் சேர்ந்தே தெரிந்துவிடும். தனி ஆளின் ரகசியம் காப்பாற்றப்பட்டிருக்கிறது, தெருவின் ரகசியம் போய்விட்டது. ஒரு பூத்தில் ஒரு கட்சிக்கு ஓட்டே விழவில்லை என்றால் தனி ஆளின் ரகசியமும் போயிற்று.

காகிதச் சீட்டு காலத்தில், ஆணையம் குறிப்பிடும் தொகுதிகளில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்கு விதியே இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு நழுவிப் போனது. இதற்கு மாற்றாகத் தேர்தல் ஆணையம் 2008இலேயே டோட்டலைசர் என்ற கருவியை முன்வைத்தது. பதினான்கு பூத் இயந்திரங்களை ஒன்றாக இணைத்து, கூட்டுத்தொகையை மட்டும் காட்டும். சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் இதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. பூத் வாரியாகத் தெரிந்தால்தான் எங்கே வேலை செய்யவில்லை என்று கட்சிகளுக்குப் புரியும் என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வாதத்தை எப்படி ஏற்பது?

எதிர்த்தரப்பில் நியாயமான கவலை ஒன்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பூத் வாரி எண்ணிக்கை இருப்பதால்தான் வேட்பாளரின் ஏஜென்ட் தன்னிடம் இருக்கும் 17சி படிவத்தோடு (அந்த பூத்தின் வாக்குக் கணக்கு) ஒப்பிட்டு இது நம் இயந்திரம்தானா, மொத்த ஓட்டு அதேதானா என்று பார்க்க முடிகிறது. ஆனால் 17சியில் வாக்குப்பதிவன்று எழுதுவது மொத்த ஓட்டுதான், யாருக்கு எத்தனை என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே மொத்தத்தை பூத் பூத்தாகச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் பதினான்கைச் சேர்த்து எண்ணுவதில் ஒரு தடையும் இல்லை. விவிபேட் (ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டில் அச்சிடும் கருவி) சரிபார்ப்புக்குக் குலுக்கலில் வரும் பூத்களின் கணக்கு மட்டும் வெளியே தெரியும், அது தொகுதிக்கு ஐந்துதான். இந்தக் கோரிக்கையைத் தமிழ்நாட்டுக் கட்சி ஒன்றாவது தன் தேர்தல் அறிக்கையில் எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ரகசியம் என்று வரும்போது நீதிமன்றம் கண்டிப்பாக இருந்ததும் உண்டு. முன்பு யாருக்கும் ஓட்டில்லை என்று சொல்ல 49ஓ விதிப்படி பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பூத்தில் இருக்கும் அத்தனை ஏஜென்டுக்கும் அது தெரியும். ஓட்டுப் போடாத முடிவும் ரகசியம்தான் என்று சொல்லித்தான் 2013 செப்டம்பர் 27இல் உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தானைக் கொண்டுவரச் சொன்னது.

கேள்வி: பல தேர்தல்களில் பூத் அதிகாரியாக வேலை பார்த்தவன் நான். நம் இயந்திரத்தைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. விவிபேட் வந்த பிறகும் ஏன் இந்தச் சந்தேகம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. நாள் முழுக்கச் சாப்பாடுகூட இல்லாமல் உட்கார்ந்து நடத்திய தேர்தலை ஒரே வார்த்தையில் மோசடி என்றால் யாருக்கும் வலிக்கும். மோசடி நடந்தது என்று நானும் சொல்லவில்லை. இதுவரை எண்ணிப் பார்த்த விவிபேட் சீட்டுகளில், வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்குப் போட்ட மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்த ஒரு பூத்தைத் தவிர வேறு முரண்பாடு வரவில்லை என்பதை உச்ச நீதிமன்றமும் பதிவு செய்திருக்கிறது. நம் இயந்திரம் இணையத்தோடு இணைக்கப்படாமல் தனியாக நிற்பதும் பெரிய பலம்.

என் கேள்வி வேறு: ஒருவேளை நடந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? ரான் ரிவெஸ்ட் என்ற கணினி விஞ்ஞானியும் அவருடன் ஜான் வாக் என்பவரும் ஒரு அளவுகோல் சொன்னார்கள். மென்பொருளில் யாரும் கவனிக்காத பிழை இருந்தாலும், அதனால் முடிவு யாருக்கும் தெரியாமல் மாறிவிடக் கூடாது. விவிபேட் சீட்டு இருப்பதால் அந்த வசதி நம்மிடம் இருக்கிறது, அதைப் போதுமான அளவு எண்ணினால்.

2019 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பூத் என்றிருந்ததை ஐந்தாக்கியது. தமிழ்நாட்டில் 234 தொகுதி, அதாவது 1,170 பூத். மாநிலம் முழுக்க என்று பார்த்தால் நல்ல எண்ணிக்கை. ஆனால் வெற்றி தோல்வி தொகுதியில்தானே முடிவாகிறது? 300 பூத் இருக்கும் தொகுதியில் 10 பூத்தில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். குலுக்கலில் ஐந்தை எடுத்தால் அந்தப் பத்தில் ஒன்றுகூட வராமல் போக 84 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்: 290/300 × 289/299 என்று ஐந்து தடவை பெருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு லட்சம் ஓட்டு என்றால் பத்து பூத் முடிவை மாற்றாது, ஐந்து பூத் பார்த்தாலும் போதும். வித்தியாசம் 500 ஓட்டு என்றால் ஐந்து எந்த மூலைக்கு? புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் 2008இல் முன்வைத்த முறை இதைத்தான் சரிசெய்கிறது. வித்தியாசம் குறையக் குறைய எண்ண வேண்டிய சீட்டு கூடும், சந்தேகம் தீரவில்லை என்றால் முழுவதையும் எண்ண வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017இலிருந்து மாநிலம் முழுக்க இப்படிச் செய்கிறது.

2024 ஏப்ரல் 26இல் உச்ச நீதிமன்றம் எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை மறுத்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது வந்தவர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கலாம் என்றது. சிப்பைச் சோதிப்பது பொறியாளர் வேலை, சீட்டை எண்ணுவது யாரும் செய்யக்கூடிய வேலை, எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3இல் அங்கே பயன்படுத்திய வாக்கு இயந்திரங்கள் செல்லாது என்றதும் இதே காரணத்துக்காக. தொழில்நுட்பம் தெரியாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

ரகசியத்தைப் பற்றியும் ஒன்று. மேலே சொன்ன ஹரி பிரசாத் குழுவின் 2010 ஆய்வில் பார்த்த இயந்திரம் ஓட்டுகளைப் போட்ட வரிசையிலேயே நினைவில் வைத்திருந்தது. பூத்தில் நீங்கள் எழுதும் 17ஏ பதிவேட்டிலும் ஆட்கள் வந்த வரிசை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெதர்லாந்தில் இன்னும் விசித்திரம்: 2006இல், திரையில் ஒரு கட்சிப் பெயரின் உச்சரிப்புக் குறி தோன்றும்போது இயந்திரம் வெளிவிட்ட ரேடியோ அலை மாறியது, அதை வெளியே நின்று பிடிக்க முடிந்தது. அந்த நாடு கொஞ்ச நாளில் காகிதத்துக்கே திரும்பிவிட்டது.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. இயந்திரத்தில் பிரெயில் எண் இருக்கிறது, அழுத்திவிடுவேன். ஆனால் விவிபேட்டில் என்ன வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மதுரை

பதில்: இன்றைய நிலையில் முடியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரியும் சீட்டு, பார்வை உள்ளவர்களுக்கு மட்டுமான உறுதி. துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம் என்கிறது விதி, அப்போது உங்கள் ரகசியம் அவரிடம் போய்விடுகிறது. அமெரிக்காவில் பல இடங்களில் ஹெட்போனில் கேட்டுப் போடும் இயந்திரங்கள் இருக்கின்றன. அச்சான சீட்டைத் திரும்பப் படித்துக் காதில் சொல்லும் ஒரு சின்னக் கருவியை பூத்துக்கு ஒன்று வைப்பது விண்வெளி ஆராய்ச்சி இல்லை. கைபேசி ஓட்டுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன், பெயர் பட்டியலில் இருக்கிறது, ஒரு ஓட்டுக்காக டிக்கெட் போட்டு வர முடியவில்லை. எங்களுக்காவது ஆன்லைனில் தரலாமே?
– சிங்கப்பூர்

பதில்: 2010 திருத்தம் உங்களுக்கு ஓட்டுரிமை தந்தது, ஆனால் ஊருக்கு வந்து நேரில்தான் போட வேண்டும். பதிலாள் மூலம் போடும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியும் அப்படியே காலாவதியாகிவிட்டது. ராணுவத்தினருக்கு ஒரு வழி இருக்கிறது: வாக்குச்சீட்டு மின்னணு முறையில் வரும், அச்செடுத்துக் குறியிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். இதை உங்களுக்கும் விரிவாக்கலாம் என்று 2020இல் ஆணையமே அரசுக்கு எழுதியது.

எனக்குப் பிடித்த வழி தூதரகத்தில் பூத் வைப்பது. அங்கேயே இந்தோனேசியர்கள் தங்கள் தூதரகத்தில் ஓட்டுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆன்லைன் என்றால் ரகசியத்துக்கு அப்பால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2021 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலன்று ஐவோட் அமைப்பு நெரிசல் தாங்காமல் திணறியது, பலரால் ஓட்டுப் போட முடியவில்லை. மூன்று இடங்களின் தேர்தலை அடுத்த வருடம் நீதிமன்றம் செல்லாது என்றது.

கேள்வி: 240 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. சங்கத் தேர்தலை வாட்ஸ்அப் வாக்கெடுப்பு (poll), கூகுள் ஃபார்ம் என்று மாற்றி மாற்றி நடத்தி ஒவ்வொரு தடவையும் சண்டையில் முடிகிறது. ஒழுங்காக நடத்த வழி சொல்லுங்கள்.
– சங்கச் செயலாளர், சென்னை

பதில்: வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு எல்லாருக்கும் தெரியும், அதை உடனே விட்டுவிடுங்கள். கூகுள் ஃபார்மில் மின்னஞ்சலைச் சேகரித்தால் ஃபார்ம் வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும், சேகரிக்காவிட்டால் ஒருவரே பத்து தடவை போடலாம், போட்ட நேரமும் பதிவாகும்.

முடிந்தால் கிளப் ஹவுஸில் ஒரு பெட்டியும் சீட்டும் வைத்து ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள், 240 சீட்டை எண்ண அரை மணி நேரம் போதும். உரிமையாளர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில் என்றால் ஹீலியோஸ் என்ற இலவச அமைப்பைப் பாருங்கள். பென் அடிடா 2008இல் உருவாக்கியது, மேலே சொன்ன ஐ.ஏ.சி.ஆர். பயன்படுத்தியதும் அதுதான். மிரட்டல் பெரிதாக இல்லாத சங்கம், கல்லூரி, மன்றம் போன்ற இடங்களுக்கே ஏற்றது என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். உங்கள் கணினி ஓட்டைச் சரியாகத்தான் பூட்டுகிறதா என்று சோதிக்க வழி உண்டு. போடுவதற்கு முன் "திறந்து காட்டு" என்று கேட்கலாம், காட்டிய ஓட்டு செல்லாததாகிவிடும், மறுபடி புதிதாகப் பூட்டிப் போட வேண்டும். நீங்கள் எதைச் சோதிப்பீர்கள், எதைப் போடுவீர்கள் என்று கணினிக்கு முன்கூட்டித் தெரியாததால் அது துணிந்து ஏமாற்ற முடியாது. இந்த யோசனை ஜோஷ் பெனலோ என்பவருடையது.

சாவியை மூன்று பேரிடம் கொடுங்கள், அமைப்பில் வழி இருந்தால் இரண்டு சாவி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் ஒரே அணியாக இருக்கக் கூடாது, தலைவர் பதவிக்கு நிற்பவர் ஒருவரும் அதில் வேண்டாம். முடிவைப் பிளாக் வாரியாக வெளியிடாதீர்கள், மொத்தம் மட்டும் போதும். விழுப்புரம் கடிதத்தை எழுதியவருக்கு நடப்பது எட்டு மாடிக் கட்டடத்திலும் நடக்கும். மின்னஞ்சல் பட்டியலை வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் வீட்டு எண்ணோடு ஒட்டி ஆட்சேபம் கேளுங்கள், முகவரிகளை முழுதாகப் போடாமல் பாதியை மறைத்து. தேர்தல் முடிந்ததும் எந்தெந்த வீட்டிலிருந்து ஓட்டு விழுந்தது என்ற பட்டியலையும் ஒட்டுங்கள், யாருக்கு என்பது இல்லாமல். துபாயில் இருக்கும் உரிமையாளர் பெயரில் வேறு யாராவது போட்டிருந்தால் அவரே பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுவார்.